ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு எதிர்க்கட்சி உறுப்பினர் எதற்கு?

வாசகர் ஒருவரின் கேள்வி: 2025 பெப்ரவரி 14

மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டங்களிலிருந்து அதானி நிறுவனம் விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டது. நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் "நான்தான் தடுத்தேன்" என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. 225 பேர் கொண்ட இலங்கைப் பாராளுமன்றத்தில் சிறுபான்மையாக இருக்கும் ஒரு உறுப்பினர் அரசாங்க ஒப்பந்தத்தை என்ன செய்துவிட முடியும்? கத்தலாம், வெளிநடப்புச் செய்யலாம், பிறகு சிற்றுண்டிச்சாலைக்குப் போகலாம். ஐயா பிரதேச சபையில் ஐந்து ஆண்டு எதிர்வரிசையில் இருந்தவர். மனதில் உள்ளதைச் சொல்லட்டும்.

பெப்ரவரி 14, இரவு 9.40

சிற்றுண்டிச்சாலையைப் பழிக்காதீர்கள் தம்பி. எங்கள் சபையில் ஒழுங்காக நடந்த ஒரே விநியோகம் வடையும் பிளேன்டீயும்தான்.

நீங்கள் தொட்ட காற்றாலைக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூன் 9, வியாழக்கிழமை. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், அதனால் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். அன்றுதான் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, போட்டி விலைமனு கோர வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தார்கள். ஆதரவாக 120, எதிராக 36. பத்து மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்களுக்காவது போட்டி விலைமனுவை வையுங்கள் என்று எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி கேட்டது. கிடைக்கவில்லை. உங்கள் கணக்குப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கோப் குழு, அதாவது அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழு, கூடியது. மின்சார சபைத் தலைவர் பெர்டினாண்டோ வந்து உட்கார்ந்தார். பேச்சு காற்றாலைப் பக்கம் திரும்பியது. இந்தியப் பிரதமர் மோடி வற்புறுத்துவதாக ஜனாதிபதி கோட்டாபய தன்னிடம் சொன்னார் என்று அவர் கூறிவிட்டார். மூடிய அறையில் சொல்லியிருந்தால் அறையோடு போயிருக்கும். கமரா ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாளே உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். ஜனாதிபதி மறுத்தார். திங்கட்கிழமை மின்சார சபைத் தலைவர் பதவி விலகினார்.

எது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வியாழன் வாக்கெடுப்பில் தோற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கதிரை இருந்தது. அந்தக் கதிரையிலிருந்து கேள்வி கேட்க முடிந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

பெப்ரவரி 15, காலை 6.15

இரவு எழுதியதை இப்போது படித்தால் எதிர்க்கட்சி எல்லாவற்றையும் சாதித்துவிட்டது போலத் தெரிகிறது. அப்படி இல்லை. அந்த வாக்குமூலத்துக்குப் பிறகும் திட்டம் நடந்தது. 484 மெகாவாட், இருபது ஆண்டு, அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. மன்னாரில் பறவைகளின் வலசைப் பாதை, கடற்றொழில், வெள்ள நீர் ஓட்டம் என்று ஊர்க்காரர்கள் எழுந்தார்கள். சூழலியலாளர்களும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் போனார்கள். பிறகு ஆட்சி மாறியது, புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கச் சொன்னது, நிறுவனம் விலகியது. இதில் எதிர்க்கட்சி உறுப்பினரின் பங்கு எவ்வளவு என்று நாடா வைத்து அளக்க முடியாது.

நாடா என்றதும் என் கதை.

2018 தேர்தலில் சபைக்குப் போனேன். அதற்கு முன் இருபத்தாறு ஆண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தர். மதிப்பீடு போடுவது, அளவைப் புத்தகம் எழுதுவது எல்லாம் என் கைப்பழக்கம். 2019இல் எங்கள் வட்டாரத்தில் ஒரு வடிகால் கட்டினார்கள். மதிப்பீட்டில் 180 மீற்றர். விடியற்காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு போய் நாடா பிடித்தேன். 152 மீற்றர். மீண்டும் பிடித்தேன், அதே 152.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "28 மீற்றர் வடிகாலை யார் விழுங்கினார்கள்?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரர் இருவர் இருந்தார்கள். மறுநாள் செய்தி வந்தது, படத்தோடு. தவிசாளர் "அடுத்த மாதம் பதில் தருகிறேன்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். ஊரில் ஒரு வருடம் எனக்கு "28 மீற்றர் ஐயா" என்று பெயர்.

எதிர்க்கட்சி உறுப்பினரின் வேலை இதுதான் என்று அப்போது நினைத்தேன்.

பெப்ரவரி 15, மதியம்

ஒருவர் கேட்கிறார், நாடா சரியான நாடாவா என்று. இரும்பு நாடா, முப்பது மீற்றர், அரசாங்கச் சொத்து. ஓய்வுபெறும்போது திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். இதைக் கணக்காய்வாளர் நாயகத்திடம் சொல்லவேண்டாம்.

பெப்ரவரி 17, இரவு 10.05

அந்த வடிகாலின் கோப்பைத் தரும்படி தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்று விண்ணப்பம் கொடுத்தேன். சபையில் இருந்த காலத்தில் கிடைக்காத காகிதம், சாதாரண ஆளாகக் கேட்டால் கிடைக்கிறதா என்று பார்ப்போம். பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சபையில் இப்போது உறுப்பினர் எவரும் இல்லை, செயலாளர்தான் நடத்துகிறார்.

இனிப் பெரிய விஷயம். மத்திய வங்கிப் பிணைமுறியைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "அது ஒப்பந்தம் இல்லையே, ஏலம்தானே" என்று நான்காமவர். அரசாங்கம் யாரிடம் என்ன விலைக்கு எதை வாங்குகிறது என்பதுதான் கேள்வி என்றால், கடனும் ஒரு கொள்வனவுதான்.

2015 பெப்ரவரி 27. முப்பது ஆண்டுப் பிணைமுறி, அதாவது அரசாங்கம் கடன் வாங்கும் பத்திரம், ஏலத்துக்கு வந்தது. அறிவித்தது 1 பில்லியன் ரூபாவுக்கு, எடுத்தது 10 பில்லியனுக்கு மேல். அதில் பெரும் பங்கு போனது பர்ப்பச்சுவல் டிரெஷரிஸ் என்ற நிறுவனத்துக்கு. அது அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடையது. ஊழலை ஒழிப்போம் என்று வந்த அரசாங்கத்துக்கு அப்போது வயது இரண்டு மாதம்கூட இல்லை.

டியூ குணசேகர தலைமையிலான கோப் குழு விசாரணையைத் தொடங்கியது. அறிக்கை சபைக்கு வருவதற்கு முன், ஜூன் 26 அன்று பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பாராளுமன்றம் கலைந்தால் அதன் குழுவும் கலைந்துவிடும். குழு இல்லாவிட்டால் அறிக்கை வெறும் தட்டச்சுக் காகிதம். அவ்வளவு உழைப்பும் இழுப்பறைக்குள் போயிற்று.

தேர்தலுக்குப் பிறகு கோப் தலைவராக சுனில் ஹந்துன்நெத்தி வந்தார். அவருடைய மக்கள் விடுதலை முன்னணிக்கு அந்தப் பாராளுமன்றத்தில் ஆறே ஆறு ஆசனம். கணக்காய்வாளர் நாயகம் காமினி விஜேசிங்க தன் விசேட அறிக்கையைக் கொடுத்தார். குழு மாதக்கணக்கில் உட்கார்ந்தது. 2016 ஒக்டோபர் 28 அன்று அறிக்கை சபைக்கு வந்தபோது, அதன் பக்கங்களின் அடியில் ஆளுங்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்களின் அடிக்குறிப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே இது தவறு என்றிருக்கும்; கீழே பொடி எழுத்தில் "ஆனால்..." என்று ஒன்று இழுக்கும். அந்த உறுப்பினர்களுக்கு அடிக்குறிப்புக் கூட்டம் என்று பட்டப்பெயரே விழுந்தது.

சிரித்தேன் அப்போது. பிறகு யோசித்தபோது, அந்த அடிக்குறிப்புகள் ஹந்துன்நெத்திக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் என்று பட்டது. ஆறு ஆசனக் கட்சிக்காரர் ஒருவர் தலைமை தாங்கிய அறிக்கையை அவர்களால் மறுக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பக்கத்தின் அடியில் போய் நின்றார்கள். அவர்கள் எதற்குத் தயங்கினார்கள் என்பதும் அச்சில் ஏறிவிட்டது.

பின்பு 2017 ஜனவரியில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு. அதில் வந்த சாட்சியங்களால் ஓகஸ்டில் ரவி கருணாநாயக்க வெளிவிவகார அமைச்சர் பதவியைத் துறந்தார். டிசம்பர் இறுதியில் அறிக்கை. மகேந்திரன் சிங்கப்பூர் போய்விட்டார்.

ஹந்துன்நெத்தி இன்று கைத்தொழில் அமைச்சர். கேள்வி கேட்டவர் இனிப் பதில் சொல்ல வேண்டிய கதிரையில். அவர் அமைச்சின் அறிக்கையில் எத்தனை அடிக்குறிப்பு வருகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெப்ரவரி 18, காலை

திருத்தம். கோப் தலைமை எதிர்க்கட்சிக்கு உரியது என்று நேற்று எழுதியது போலப் பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி உரித்து எதுவும் இல்லை. 1979இல் கோப் உருவான காலம் தொட்டு இரு பக்கத்தாரும் தலைவராக இருந்திருக்கிறார்கள். பெர்டினாண்டோ வந்த அன்று தலைவராக இருந்த சரித ஹேரத் ஆளுங்கட்சிப் பட்டியலில் வந்தவர், நன்றாகத்தான் நடத்தினார். எதிர்க்கட்சிக்காரருக்கு என்று நிலையியற் கட்டளையில் (பாராளுமன்ற நடைமுறை விதிகளில்) எழுதிவைத்தது அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைமையை. முன்பு அதில் சுமந்திரன் இருந்தார், இப்போது ஹர்ஷ டி சில்வா. இந்த ஜனவரியில் கோப், கோபா (அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு) இரண்டின் தலைமையும் ஆளுங்கட்சிக்குப் போயிருக்கிறது.

2024 மார்ச்சில் ரோஹித அபேகுணவர்தன கோப் தலைவராக வந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வரிசையாக அந்தக் குழுவை விட்டு விலகினார்கள். அன்று கைதட்டினேன். இன்று சந்தேகமாக இருக்கிறது. கதிரையை விட்டெறிந்துவிட்டு வெளியே நின்று கதவைத் தட்டுவது என்ன கெட்டித்தனம்?

பெப்ரவரி 18, மாலை

மதுரையிலிருந்து ஒருவர்: இந்தியாவில் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்குத்தான், அதைச் சொல்லவில்லையே என்று. சொல்லிவிட்டேன். 1967இல் தொடங்கிய மரபு; முதலில் வந்தவர் சுதந்திராக் கட்சியின் மினு மசானி. 22 பேர் கொண்ட குழு, பெரும்பான்மை எப்போதும் ஆளுங்கட்சியிடம். அதாவது தலைவர் ஓட்டுவார், பின்னால் இருப்பவர்கள் பிரேக்கில் கால் வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்த் தட்டிவான் பரவாயில்லை.

பெப்ரவரி 21, இரவு 8.30

முதல் கேள்வியைக் கேட்ட தம்பி மீண்டும் வந்திருக்கிறார். "நீங்கள் சொன்ன எல்லாம் கையெழுத்துக்குப் பிந்திய கதை. பால் கொட்டிய பிறகு பூனையை விசாரிக்கிறீர்கள். நடந்துகொண்டிருந்த ஒப்பந்தத்தை எதிர்க்கட்சி நிறுத்திய ஒரு கதை சொல்லுங்கள்."

சொல்கிறேன். விசா.

2024 ஏப்ரல் 17 முதல், வருகிறவர்களுக்கு இணையவழி விசா வழங்கும் வேலையை வெளிநாட்டுக் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் அரசாங்கம் கொடுத்தது. வி.எப்.எஸ். என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மே 1 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் சத்தம் போட்ட காணொளி ஊரெல்லாம் ஓடியது. அந்தச் சத்தத்தோடு நின்றிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்போம்.

அரசாங்க நிதி பற்றிய குழு அதிகாரிகளை அழைத்து, போட்டி விலைமனு எங்கே, யார் மதிப்பிட்டது, கட்டணத்தை யார் தீர்மானித்தது என்று வரிசையாகக் கேட்டது. கேள்வி ஒன்றுகூட வீராவேசமானது இல்லை. எல்லாம் காகிதம் கேட்கும் கேள்வி. அங்கே வெளிவந்ததை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி உறுப்பினர்களான சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், சுமந்திரன் மூவரும் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போனார்கள். ஓகஸ்ட் 2ஆம் தேதி இடைக்காலத் தடை. பழைய முறைக்குத் திரும்பும்படி உத்தரவு. குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் அதை நடைமுறைப்படுத்தாமல் இழுத்தார். செப்டெம்பர் 25 அன்று நீதிமன்றம் அவரை விளக்கமறியலில் வைத்தது.

மூன்று கட்சி, மூன்று இனம், ஒரே வழக்கு. வேறு எந்த விஷயத்தில் இவர்கள் ஒன்றாக நின்றார்கள் என்று எண்ண விரல் தேவையில்லை. ஒப்பந்தம் என்றால் மட்டும் ஒற்றுமை எப்படி வந்தது? காகிதத்துக்கு இனம் இல்லை என்று எழுத நினைத்தேன். மேடைப் பேச்சு போல இருந்தது, அடித்துவிட்டேன். மூவரும் நீண்ட காலம் குழு அறைகளில் உட்கார்ந்தவர்கள், கோப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பெப்ரவரி 22

"அப்படியானால் நம்பிக்கையில்லாப் பிரேரணை வீண்தானே" என்கிறார் இன்னொருவர். 2023 செப்டெம்பர் 8, சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெலவுக்கு எதிராக. மருந்துத் தட்டுப்பாடு, தரமற்ற மருந்து, அவசரக் கொள்வனவு என்று எதிர்க்கட்சி அடுக்கியது. ஆதரவு 73, எதிர்ப்பு 113. தோல்வி. அடுத்த மாதம் அவரை சுற்றுச்சூழல் அமைச்சுக்கு மாற்றினார்கள். 2024 பெப்ரவரி 2 அன்று, தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு விசாரணையில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரைக் கைது செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். அன்று எதிர்த்து வாக்களித்த 113 பேரும் எந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அப்படி வாக்களித்தார்கள் என்பது ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்றப் பேச்சுப் பதிவில், இருக்கிறது. ஹன்சாட்டை யாரும் படிப்பதில்லை என்கிறீர்கள். சரிதான். நிலத்து உறுதியையும் சண்டை வரும்வரை யாரும் படிப்பதில்லை.

பெப்ரவரி 25, இரவு 11.20

இதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வடிகால் கதையைப் படித்துவிட்டு, அந்தச் சபையில் ஆளும் தரப்பில் இருந்த நண்பர் தொலைபேசியில் பேசினார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். "அண்ணா, அந்த 28 மீற்றரையும் யாரும் விழுங்கவில்லை. வடிகாலின் கடைசிப் பகுதி தனியார் காணிக்குள் போனது. காணிக்காரர் விடவில்லை. அந்தக் காசில் பள்ளிக்கூட வாசலிலும் கோயிலடியிலும் இரண்டு மதகுக்கு மூடி போட்டோம். வேலை மாற்றத்துக்கு அனுமதி எடுத்தோம். நீங்கள் கேட்டிருந்தால் காட்டியிருப்போம்."

"கேட்டேனே" என்றேன்.

"நீங்கள் கேட்கவில்லை அண்ணா. கத்தினீர்கள்."

அந்த மூடிகளின் மேல் ஐந்து ஆண்டாகச் சைக்கிளில் போய் வருகிறேன். அவை எந்தக் காசில் வந்தன என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நாடா சரியாகத்தான் இருந்தது. ஆனால் அளந்தவன் மதிப்பீட்டை மட்டும் பார்த்தான். அதன்பின் கோப்பில் ஏறிய காகிதத்தைப் பார்க்கவில்லை. இருபத்தாறு ஆண்டு இந்த வேலை பார்த்தவனுக்கு வேலை மாற்றம் என்று ஒன்று உண்டு என்பது தெரியாதா? தெரியும். பத்திரிகைக்காரர் இருவர் இருந்தார்களே, அதனால் மறந்துபோயிற்று.

அந்த ஒப்பந்தகாரர் அடுத்த வருடம் எங்கள் சபைக்கு விலைமனுப் போடவில்லை. என் பேச்சால்தானா என்று தெரியாது. இருக்கக்கூடும்.

பெப்ரவரி 26, காலை

சிவராத்திரிக்குக் கண்விழித்திருக்கும் நாளில் பாதிப் பாவத்தோடு நிற்கக்கூடாது, மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஒரு கிரவல் வீதி போட்டார்கள். சிறிய வேலை, கேள்விப்பத்திரம் கோராமல் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே கொடுத்தார்கள். சங்கத் தலைவர் என் மச்சான். முதல் மாரியிலேயே கிரவல் வாய்க்காலுக்குள் போயிற்று. அந்த வீதிக்கு நான் நாடா எடுத்துப் போகவில்லை. கூட்டத்தில் அந்த விடயம் வந்தபோது பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, இரவு

வசையும் ஆறுதலும் வந்தன. வசைதான் நன்றாக எழுதப்பட்டிருந்தது. "எதிர்க்கட்சி என்றால் ஆளுங்கட்சியின் மச்சானை மட்டும் கேட்பதா?" என்று ஒருவர். ஆம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பெரிய சபையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அங்கே மச்சான்கள் பெரிய கம்பனி வைத்திருப்பார்கள்.

உபயோகமான கேள்வி ஒன்றும் வந்தது. புதிதாகச் சபைக்குப் போகிற ஒருவர் ஒப்பந்தத்தைப் பற்றி எதைக் கேட்க வேண்டும்? என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன், சட்டத்தரணி சொல்வது வேறாக இருக்கலாம்.

"ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் வரும். பாராளுமன்றத்தில் அமைச்சர்கள் ஓய்வெடுப்பது இப்படிப்பட்ட கேள்விகளில்தான். வாய்மூல விடைக்கான வினாக்களை (அ), (ஆ), (இ) என்று பிரித்து எழுதுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரிவில்தான் உயிர் இருக்கிறது. விலைமனு கோரிய தேதி என்ன? எத்தனை பேர் கொடுத்தார்கள்? தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு யாரைப் பரிந்துரைத்தது? கொள்வனவை முடிவு செய்யும் பெறுகைக் குழு அதை ஏற்றதா? ஏற்கவில்லை என்றால் எழுதிய காரணம் என்ன? இந்தக் கேள்விகளுக்கு "இல்லை" என்று தப்ப முடியாது. தேதி சொல்ல வேண்டும். பொய்த் தேதி சொன்னால் அதற்கு எதிராக வேறு ஒரு காகிதம் எங்கோ இருக்கும்.

கட்சித் தலைவர்களுக்கு நிலையியற் கட்டளை 27இன் இரண்டாம் பிரிவில் அவசர விடயத்தை எழுப்ப வழி உண்டு. பத்திரிகையில் "27/2" என்று போடுவார்கள். அதைப் பலர் சொற்பொழிவாக்கி வீணாக்குகிறார்கள். நானும் 28 மீற்றரில் அதைத்தான் செய்தேன்.

இன்னொன்று. எதிர்க்கட்சி உறுப்பினரிடம் ஊழியர் இல்லை, பொறியியலாளர் இல்லை. அமைச்சரிடம் ஒரு அமைச்சே இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப இருக்கும் ஒரே ஆள் கணக்காய்வாளர் நாயகம். 2018இன் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், நட்டத்துக்குப் பொறுப்பானவர்களிடமிருந்து மிகைக்கட்டணம் அறவிட வழி வைத்தது. பிணைமுறி விடயத்தில் ஆறு ஆசனக் கட்சியின் பின்னால் நின்றது கணக்காய்வு அறிக்கை. அது இல்லாமல் ஹந்துன்நெத்தியும் என்னைப் போல நாடாவோடு அலைந்திருப்பார்.

மார்ச் 2

மேலே "ஒரே ஆள்" என்று எழுதியது பிழை. கோபத்தில் இருக்கும் அதிகாரியும் ஒரு ஆள்தான். கோப்பின் நகலை உறையில் போட்டுப் பெயர் எழுதாமல் அனுப்புகிறவர். அவருக்கு ஏன் கோபம் வந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பதவி உயர்வு கிடைக்காத கோபமாகவும் இருக்கும். எனக்கு அப்படி ஒரு உறை வந்தது. திறந்தால் பக்கத்துக் காணி எல்லைத் தகராறு.

மார்ச் 11, பிற்பகல் 3.00

தகவலறியும் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. நேற்றைய தேதி. விரல் விட்டு எண்ணினேன், சரியாகப் பதினான்காவது வேலை நாள். மூன்று பக்கம்.

முதல் பக்கம் மதிப்பீடு, 180 மீற்றர். இரண்டாம் பக்கம் வேலை மாற்ற அனுமதி: வடிகால் 152 மீற்றர், மதகு மூடி இரண்டு. நண்பர் சொன்னது உண்மை. படித்தவுடன் அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள் அண்ணா" என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். இறுதிக் கொடுப்பனவுச் சிட்டை. தேதி 2019 செப்டெம்பர் 19. இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினேன். வேலை மாற்ற அனுமதியின் தேதி 2019 நவம்பர் 4.

முதலில் காசு, ஒன்றரை மாதம் கழித்து அனுமதி.

என் பேச்சு நடந்தது அந்த ஒக்டோபர் கூட்டத்தில்.

மார்ச் 11, இரவு 10.50

நண்பரை மீண்டும் அழைக்கவில்லை. மூடிகள் இருக்கின்றன, காசு வீதியில்தான் கிடக்கிறது, யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் கொடுப்பனவு நடந்த நாளில் அதற்கு அனுமதி இல்லை. நான் கத்திய பிறகு ஓடிப்போய் எடுத்திருக்கிறார்கள். "கேட்டிருந்தால் காட்டியிருப்போம்" என்றாரே, ஒக்டோபரில் காட்ட அவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

அப்படியென்றால் நான் கத்தியது சரியா? 28 மீற்றரை யாரும் விழுங்கவில்லை, அந்த வகையில் நான் சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்யான கேள்விதான் அந்த அனுமதிக் காகிதத்தைப் பிறக்க வைத்தது. ஒப்பந்தகாரர் என்ன பிழை செய்தார்? ஒன்றுமில்லை. அவர் பெயர்தான் ஊரில் அடிபட்டது. "கொடுப்பனவுக்கு முன் அளவைப் புத்தகத்தைச் சபையில் வையுங்கள்" என்று அமைதியாகக் கேட்டிருந்தால் செப்டெம்பர் சிட்டையே வெளியே வந்திருக்கும், அந்த மனிதருக்கும் அவமானம் இல்லை. அதைச் செய்ய என்னிடம் நாடா தேவைப்பட்டிருக்காது.

மார்ச் 15, காலை

உள்ளூராட்சித் தேர்தலுக்கு 17ஆம் தேதி வேட்புமனு ஏற்கத் தொடங்குகிறார்கள். நிற்கப்போகிறீர்களா என்று ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. முழங்கால் சொல்கிறது, மனைவியும் சொல்கிறார்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண் பிள்ளை நிற்கிறார், கணக்கியல் படித்தவர். நேற்று வந்து அந்த மூன்று பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஐயா, அந்தக் கிரவல் வீதியின் காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டார். இந்த இழையைப் படித்திருக்கிறார் போலும்.

இல்லை என்றேன். இன்று தபாலில் அதற்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.